வாசகர் கேள்வி–பதில்: மாமல்லபுரத்துக்கு முந்தின நாளே கிளம்புங்கள்

பள்ளி விடுமுறை நெருங்குவதால் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மாமல்லபுரத்தையும் அதைச் சுற்றிய கடற்கரையையும் பற்றியவை. அவற்றுக்கே இந்தப் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம்.

பதினான்கு பேர் வேனில் ஒரே நாளில் போய்வரப் போகிறோம். காலை 6 மணிக்குக் கிளம்பினால் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா?
– வாசகி, குடியாத்தம்

முடியாது என்பதைவிட, அப்படிப் பார்ப்பதில் பயனில்லை என்பதே சரி. குடியாத்தத்திலிருந்து வேலூர், காவேரிப்பாக்கம், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் 170 கி.மீ.க்கு மேல். வழியில் டிபன், இரண்டு டீ, குழந்தைகளுக்காக நிறுத்தம் எல்லாம் சேர்த்தால் போய் இறங்கும்போது மணி 11. வெயில் உச்சிக்கு ஏறி, பாறை சூடேறி, ஐந்து ரதத்து மணலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத நேரம் அது. நிழலும் குறைவு. அரை மணியில் எல்லாரும் வேனுக்குத் திரும்பி, "நாலு பாறைதானே" என்று சொல்லிவிடுவார்கள். ஊர் மீது குறையில்லை, போன நேரம்தான் தவறு.

முந்தின நாள் மதியச் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிட்டு 1 மணிக்குக் கிளம்புங்கள். இருட்டுவதற்கு முன் போய்ச் சேரலாம். இரவு தங்குங்கள். மறுநாள் விடியற்காலை கடற்கரையில் நில்லுங்கள். நம் கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும். ஜூனில் காலை 5:45 வாக்கிலும், ஜனவரியில் 6:35 வாக்கிலும் உதயம். 6 மணிக்குத் தொல்லியல் துறையின் வாயில் திறந்ததும் முதலில் கடற்கரைக் கோயில், அடுத்து அர்ச்சுனன் தபசு. தபசுப் பாறை கிழக்கு பார்த்தது. காலை வெயில் நேராக விழும்போதுதான் யானைக் கூட்டமும், ஒற்றைக் காலில் நிற்கும் தவசியும், அவரைப் போலவே கை தூக்கித் தவம் செய்யும் பூனையும், அதன் காலடியில் எலிகளும் எடுப்பாகத் தெரியும். பக்கத்திலேயே வெண்ணெய் உருண்டைப் பாறை, வராக மண்டபம், கிருஷ்ண மண்டபம். எல்லாம் நடை தூரம்தான். 10 மணிக்கு அறைக்குத் திரும்பிவிடுங்கள்.

ஐந்து ரதத்தை மாலை 4 மணிக்கு வையுங்கள். திரௌபதி, அர்ச்சுனன், பீமன், தருமராசன் ரதங்கள் மேற்குப் பார்த்தவை. மாலை வெயிலில்தான் அவற்றின் முகப்புச் சிற்பங்களைச் சரியாகப் பார்க்கலாம். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே நுழைவுச் சீட்டு (இந்தியருக்கு 40 ரூபாய், 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இல்லை). அது அந்த ஒரு நாளுக்குத்தான் செல்லும். காலையில் வாங்கிய சீட்டை மாலை வரை தொலைக்காமல் வைத்திருங்கள்.

தங்கவே முடியாது என்றால் வரிசையை மாற்றுங்கள். நடுப்பகலில் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, நிழலில் ஓய்வெடுத்து, 3:30-க்கு ஐந்து ரதம், 5 மணிக்குள் கடற்கரைக் கோயில். 6 மணிக்கு மூடிவிடுவார்கள். நள்ளிரவு 2 மணிக்கு வேனைக் கிளப்பி உதயத்துக்குப் போகும் பழக்கம் வேண்டவே வேண்டாம். ஓட்டுநர் தூக்கமில்லாமல் போய், பகலெல்லாம் வெயிலில் வேனுக்குள் கிடந்து, இரவு திரும்ப ஓட்ட வேண்டியிருக்கும்.

அறை எடுக்கும்போது எதைக் கேட்க வேண்டும்?
– வாசகர், வாணியம்பாடி

நான்கு கேள்வி போதும். ஜன்னலிலிருந்து கடல் தெரியுமா, அல்லது கடல் 'பக்கத்தில்' மட்டும்தானா? நாள் கணக்கு 24 மணி நேரமா, பகல் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டுமா? குழாயில் வருவது உப்புத் தண்ணீரா? ஒரு அறையில் எத்தனை பேர், கூடுதல் மெத்தைக்கு எவ்வளவு? கடைசிக் கேள்வியைத் தொலைபேசியிலேயே கேட்டுவிட்டால் வரவேற்பு மேசையில் வாக்குவாதம் இருக்காது. வெள்ளி, சனி இரவுகளில் சென்னைக் கூட்டம் வரும், வாடகை ஏறும். செவ்வாய், புதன் போங்கள். காணும் பொங்கலன்றும் டிசம்பர் 31 அன்றும் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

உணவகங்களில் மீனைத் தட்டில் அடுக்கி வைத்து "எது வேணும் சார்?" என்கிறார்கள். பில் வரும்போதுதான் விலை தெரிகிறது. எப்படிக் கேட்டு வாங்குவது? நல்ல மீன் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், ஆம்பூர்

ஒத்தவாடைத் தெருவிலும் கடற்கரை ஓரத்திலும் இந்த முறைதான். ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. எடை போட்டு விற்கும் மீனுக்கு அட்டையில் நிலையான விலை எழுத முடியாது. ஆனால் சமையலுக்குப் போகும் முன் மூன்றைப் பேசி முடித்துவிட வேண்டும். விலை கிலோவுக்கா, 100 கிராமுக்கா, முழு மீனுக்கா? எடை கழுவுவதற்கு முன்பா, பின்பா? மசாலா, சமையல் கூலி அந்த விலையில் சேர்ந்ததா? பிறகு உங்கள் கண் முன்னாலேயே தராசில் வைக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. நல்ல கடைக்காரர் கேட்கும் முன்பே எடை போட்டுக் காட்டுவார். "நல்லா போட்டுத் தரேன், விலையைப் பார்த்துக்கலாம்" என்றால் எழுந்துவிடுங்கள்.

அளவுக்கு ஒரு கணக்கு. சங்கரா, கொடுவா போன்ற முழு மீனில் தலை, குடல், செதில், முள் போனால் பாதியை ஒட்டித்தான் சதை. சோற்றோடு சாப்பிட ஆளுக்கு 300 கிராம் முழு மீன் போதும். வஞ்சிரம் துண்டு என்றால் கழிவு குறைவு, 150 கிராம் போதும். தலையோடு உள்ள இறால் உரித்தால் பாதிக்குச் சற்று மேல் நிற்கும். நண்டில் சதை மிகக் குறைவு. பசிக்கு நண்டை நம்பாதீர்கள், ருசிக்கு ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நண்டைக் கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். பருமனுக்கு ஏற்ற கனம் இல்லாவிட்டால் உள்ளே வெறும் தண்ணீர்தான்.

புதுமையைக் கண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஐஸில் கிடந்த நல்ல மீனுக்கும் கண் மங்கும். செவுளைத் தூக்கச் சொல்லுங்கள். சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். பழுப்பேறிக் கொழகொழத்தால் வேண்டாம். விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே நிமிர வேண்டும். வயிறு உடைந்து தொளதொளத்தால் பழையது. கடல் வாசம் வரலாம், புளித்த வாடை வரக்கூடாது. சுறாவிலும் திருக்கையிலும் மூக்கைக் குத்தும் வாடை அடித்தால் தொடவே வேண்டாம். அவற்றின் சதையில் இயல்பாகவே யூரியா அதிகம், நாள்பட்டால் அது அமோனியாவாக மாறும். சுறாப் புட்டு கேட்பவர்கள் இதை முதலில் கவனிக்க வேண்டும்.

கானாங்கெளுத்தி, சூரை இரண்டிலும் இன்னொரு எச்சரிக்கை. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் சேர்கிறது. எவ்வளவு பொரித்தாலும் அது அழியாது. நாக்கில் மிளகு பட்டதுபோல் சுருக்கென்று எரிந்தால் அந்தத் துண்டை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். முகம் சிவந்து, அரிப்பு, தலைவலி என்று ஒரு மணி நேரத்துக்குள் வரும். மூச்சு இழுத்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எப்படிச் சமைக்கச் சொல்வது என்பதும் முக்கியம். கெட்டிச் சிவப்பு மசாலா பூசி எண்ணெயில் முக்கிப் பொரித்தால் பழைய மீனும் புதிய மீனும் ஒன்றுதான். நல்ல மீன் கிடைத்தால் தவாவில் குறைந்த எண்ணெயில் போடச் சொல்லுங்கள். வஞ்சிரம் துண்டு ஒரு விரல் கனத்துக்கு மேல் போனால் மேலே கருகி உள்ளே வேகாது. முழுச் சங்கராவை இரு பக்கமும் முள் வரை கீறித்தான் மசாலா தடவ வேண்டும். கடம்பா (கணவாய்) அதிக நேரம் அடுப்பில் இருந்தால் ரப்பராகிவிடும். "ரெண்டு நிமிஷத்துல எடுத்துடுங்க" என்று சொல்லி வைப்பது நல்லது. மதியம் மீன் குழம்பும் சோறும் கிடைக்கும் கடையைக் கண்டால் விடாதீர்கள். அன்று வந்த சிறு மீன்கள் பெரும்பாலும் குழம்புக்குத்தான் போகும், விலையும் குறைவு.

மே மாதம் போகிறோம். அப்போது மீன் நன்றாகக் கிடைக்குமா?
– வாசகி, திருப்பத்தூர்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்கான தடை அது. நம் பள்ளி விடுமுறை சரியாக அதற்குள் விழுகிறது. ஃபைபர் படகுகளும் கட்டுமரங்களும் கரையை ஒட்டிப் போய் வரும். ஆகவே நெத்திலி, கிழங்கான், சங்கரா, நண்டு போன்றவை கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும். பெரிய வஞ்சிரத்தை அப்போது "இன்னைக்குப் பிடிச்சது" என்றால் ஒரு முறைக்கு இரு முறை செவுளைப் பாருங்கள். பெரும்பாலும் ஐஸில் வெளியூரிலிருந்து வந்ததாக இருக்கும், விலையும் ஏறியிருக்கும். வளர்ப்பு இறாலுக்குத் தடை கிடையாது, மே மாதத்தில் அது நம்பகமானது. மீனுக்காகவே போகிறவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் போகலாம். வெயிலும் தாழ்ந்திருக்கும்.

வழியில் சாப்பிட பிரியாணி கட்டிக்கொண்டு போகலாமா?
– வாசகி, பேரணாம்பட்டு

காலையில் கட்டினால் பகல் சாப்பாட்டோடு தீர்த்துவிடுங்கள். இறைச்சியும் சோறும் மூடிய டப்பாவில் வெதுவெதுப்பாக நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கிருமி பெருகும். வாசனையில் அது தெரியாது. கத்திரிக்காய்த் தொக்கைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள், தயிர்ப் பச்சடியை விட்டுவிடுங்கள். இரவு வரை தாங்க வேண்டுமென்றால் புளியோதரைதான். நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, சோறு முழுக்க ஆறிய பிறகு கட்டுங்கள். ஆற்காடு வழியாக வருகிறவர்கள் குழந்தைகளுக்கு மக்கன்பேடா வாங்கிக்கொள்ளலாம், கரையும் சாக்லேட்டைவிட நல்லது.

எங்கள் பிள்ளைகள் கிணற்றில் நன்றாக நீந்துவார்கள். கடலில் குளிக்க விடலாமா?
– வாசகர், ராணிப்பேட்டை

இந்தக் கேள்விக்குத்தான் இந்த இதழில் மிக அழுத்தமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான் துணிந்து ஆழத்துக்குப் போகிறார்கள். கிணற்றுத் தண்ணீர் அசையாது. கடல் தண்ணீர் ஆளை இழுக்கும். உள்நாட்டிலிருந்து போகும் இளைஞர்கள் இந்தக் கரையில் உயிரிழந்த செய்தி மீண்டும் மீண்டும் வருகிறது. கடற்கரைக் கோயிலை ஒட்டிய பகுதியில் குளிக்கக் கூடாது என்று பலகையே உண்டு, அதை மதியுங்கள்.

நடப்பது இதுதான். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து குவிக்கும் தண்ணீர் எங்காவது திரும்பிப் போக வேண்டும். மணலில் பள்ளமான ஒரு வாய்க்கால் வழியாக அது வேகமாகக் கடலுக்குள் ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது. இரண்டு பக்கமும் நுரை பொங்க, நடுவில் மட்டும் தண்ணீர் அமைதியாகவும் கலங்கலாகவும் தெரியும். அலை இல்லையே என்று குழந்தைகளை அங்கேதான் இறக்குகிறார்கள். இழுக்கும் இடமே அதுதான்.

அதில் மாட்டினால் கரையை நோக்கி நீந்தக்கூடாது. எவ்வளவு வல்லவரானாலும் கை ஓய்ந்துவிடும், ஓய்ந்ததும் மூழ்குவார்கள். மல்லாந்து மிதந்து ஒரு கையை உயர்த்தி ஆட்ட வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்த பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். கரையில் நிற்பவர் பின்னாலேயே குதிக்கக்கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் மூன்று பேர் போவது இப்படித்தான். மூடியை இறுக்கிய காலித் தண்ணீர் கேனை எறியுங்கள், அதைப் பிடித்து மிதக்கலாம். சத்தம் போட்டு மீனவர்களைக் கூப்பிடுங்கள், அந்தத் தண்ணீரை அறிந்தவர்கள் அவர்கள். 112-ஐ அழையுங்கள்.

முட்டி அளவுக்கு மேல் யாரும் போக வேண்டாம் என்று வேனிலிருந்து இறங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். சிறு குழந்தையின் விரலைப் பிடித்தால் நழுவும், மணிக்கட்டைப் பிடியுங்கள். அலை திரும்பும்போது காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். கடலுக்கு முதுகு காட்டி நின்று செல்ஃபி எடுப்பவர்கள் விழுவது அப்போதுதான். புடவையும் வேட்டியும் நனைந்தால் காலைக் கட்டும். இருட்டிய பிறகு தண்ணீரில் இறங்கவே கூடாது. மது அருந்தியவரை கரையிலேயே உட்கார வையுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

அம்மாவுக்கு மூட்டு வலி. கோயில்களும் பார்க்க ஆசைப்படுகிறார்.
– வாசகி, ஆரணி

மாமல்லபுரம் ஊர் நடுவிலேயே தலசயனப் பெருமாள் கோயில். 108 திவ்ய தேசங்களில் ஒன்று, பூதத்தாழ்வார் அவதரித்த ஊர். மணலும் இல்லை, ஏற்றமும் இல்லை. சென்னை சாலையில் வடக்கே போனால் திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோயில், வண்டி அருகிலேயே போகும். திருக்கழுக்குன்றத்தில் மலைக்கோயிலுக்கு 500-க்கு மேற்பட்ட படிகள், அம்மாவுக்கு வேண்டாம். அடிவாரத்துப் பக்தவத்சலேஸ்வரர் கோயில் பெரியது, அழகானது. அதுவும் போகும் வழியிலேயே இருக்கிறது. கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும் என்பதால் திருக்கழுக்குன்றத்தைக் காலையிலோ மாலையிலோ வருமாறு அமைத்துக்கொள்ளுங்கள்.

மாசி மகத்தன்று மாமல்லபுரக் கடற்கரையில் இருளர் மக்கள் திரளாகக் கூடி, கரையிலேயே தங்கிக் கன்னியம்மனை வழிபடுவார்கள். அன்று போனால் ஒதுங்கி நின்று மரியாதையோடு பாருங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

குழந்தைகளுக்குச் சிற்பங்கள் சலிக்காமல் இருக்க என்ன செய்யலாம்?
– ஆசிரியை, சோளிங்கர்

உங்கள் பக்கத்திலேயே தொடங்குங்கள். அரக்கோணம்–காட்பாடி ரயில் பாதையில் உள்ள மகேந்திரவாடியில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு பாறையைக் குடைந்து திருமாலுக்கு எடுத்த கோயில் இருக்கிறது. சிறியது, தூண்கள் கனமாக, எளிமையாக இருக்கும். அதைப் பார்த்த பிள்ளைகள் ஐந்து ரதத்துக்கு வந்தால், குடைவதிலிருந்து ஒரே பாறையை வெளியிலிருந்து கோயிலாகச் செதுக்குவது வரை பல்லவர் வந்த தூரம் தானே புரியும். அடுத்துக் கடற்கரைக் கோயில். அது குடைந்ததும் அல்ல, செதுக்கியதும் அல்ல, வெட்டிய கற்களை அடுக்கிக் கட்டியது. கட்டியவன் பல்லவ மன்னன் ராஜசிம்மன். திரும்பும் வழியில் காஞ்சிபுரத்தில் அவனே எடுத்த கைலாசநாதர் கோயிலைக் காட்டுங்கள். இந்த வரிசையில் பார்த்தால் நான்கு இடமும் ஒரே கதையாகிவிடும்.

ரதங்களின் அடிப்பகுதியைக் கவனிக்கச் சொல்லுங்கள். மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்தவர்கள் பாதியில் நிறுத்தியது அங்கே தெரியும். சகாதேவன் ரதத்தின் பின்புறம் யானையின் முதுகுபோல் வளைந்திருக்கும், அதனருகிலேயே ஒரு கல் யானை நிற்கும். இரண்டையும் ஒப்பிடச் சொன்னால் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். சின்னவர்களுக்கு வடநெம்மேலியில் 1976-ல் தொடங்கிய முதலைப் பண்ணை. முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா, தென்னிந்திய வீடுகளை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்திய இடம். தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

பிள்ளையார் சிலை ஒன்று வாங்க வேண்டும். கல் எது என்று எப்படித் தெரியும்?
– வாசகர், வேலூர் சத்துவாச்சாரி

விலை குறைவாகச் சொல்லும் சிறு சிலைகள் பெரும்பாலும் மாக்கல். அடிப்பாகத்தில் ஆணியால் லேசாகக் கீறினால் வெள்ளையாகக் கோடு விழும். கருங்கல்லில் விழாது. மாக்கல் அலமாரிக்குப் போதும், தினம் அபிஷேகம் செய்கிற சிலைக்குக் கருங்கல்தான் வேண்டும். தும்பிக்கை, கை, காது நுனிகளில் மெழுகு பூசி ஒட்டிய தடம் இருக்கிறதா என்று வெயிலில் திருப்பிப் பாருங்கள். வேனில் நிற்க வைக்காமல், வைக்கோலோ பழைய மெத்தையோ போட்டுப் படுக்க வையுங்கள். பவளம், கடல் குதிரை, கடல் விசிறி என்று யார் காட்டினாலும் வாங்காதீர்கள். வைத்திருப்பதே குற்றம்.

நம் பாலாறு கடலில் சேரும் இடத்தைப் பார்க்க முடியுமா?
– வாசகர், பள்ளிகொண்டா

முடியும். அவசியம் பாருங்கள். மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே, கல்பாக்கம் தாண்டி வாயலூரில் பாலாற்றுப் பாலம் வரும். நந்தி மலையில் பிறந்து வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு வழியாக வந்த ஆறு இங்கேதான் முடிகிறது. ஆண்டின் பெரும்பகுதி முகத்துவாரத்தில் மணல் மேடு அடைத்திருக்கும். 2021 நவம்பர் வெள்ளம் போல் ஆறு நிரம்பி வரும்போதுதான் அது உடைந்து கடலோடு கலக்கும். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். தாண்டி ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து வந்து பாருங்கள். முகத்துவாரத்தில் இறங்கக்கூடாது, மணல் உள்வாங்கும், இழுப்பும் அதிகம்.

வழியில் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை. செங்கல் சுவர்களும் உள்ளே செதுக்கு வேலை மிகுந்த கல்லறைக் கற்களும் இருக்கின்றன. கூட்டமே இருக்காது. பக்கத்திலேயே அணுமின் நிலையம் என்பதால் அந்தப் பக்கம் கேமராவையும் ட்ரோனையும் எடுக்காதீர்கள். காவலர் திரும்பச் சொன்னால் திரும்பிவிடுங்கள். அடையாள அட்டை எல்லாரிடமும் இருக்கட்டும். மதுராந்தகம், வந்தவாசி, ஆரணி வழியாகத் திரும்பினால் காஞ்சிபுரத்து நெரிசல் இல்லை. ஆனால் அது இருவழிச் சாலை, கரும்பு வண்டிகள் விளக்கில்லாமல் வரும். இருட்டுவதற்குள் ஆரணியைத் தாண்டும்படி பகல் 2 மணிக்கே வாயலூரை விட்டுக் கிளம்புங்கள்.